ஃபைபர் படகுக்கு எந்தப் புரொப்பல்லர்? எரிபொருள் மிச்சமாகத் தேர்ந்தெடுக்கும் முறை

படகின் பின்னால் மாட்டும் புது அவுட்போர்டு மோட்டார் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு புரொப்பல்லரும் (தண்ணீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் விசிறி) இருக்கும். பெரும்பாலும் அதையே மாட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த மோட்டார் எந்தப் படகில் ஏறப்போகிறது என்று அதைத் தயாரித்தவருக்குத் தெரியாது. ஏரியில் இரண்டு பேர் தூண்டில் போடும் 14 அடிப் படகுக்கும் அதே 9.9 குதிரைத்திறன் மோட்டார்தான். நொச்சிக்குப்பத்திலிருந்து நான்கு பேரும் வலையும் ஐஸ் பெட்டியுமாகக் கிளம்பும் 28 அடி ஃபைபர் படகுக்கும் அதே மோட்டார்தான். இரண்டுக்கும் ஒரே புரொப்பல்லர் பொருந்தாது. பொருந்தாத புரொப்பல்லர் ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ வீணாக்கும், மோட்டாரின் ஆயுளையும் குறைக்கும்.

பக்கத்துப் படகுக்காரர் எதைப் போட்டிருக்கிறார் என்று பார்த்து வாங்குவதில் பயனில்லை. அவருடைய படகின் எடை வேறு, வலை வேறு. உங்கள் படகில், உங்கள் வழக்கமான சுமையோடு, மோட்டார் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எடுக்கிறது என்பதை வைத்துத்தான் புரொப்பல்லரைத் தேர்ந்தெடுக்க முடியும். கீழே இருப்பது முழுக்க அந்தக் கணக்குதான்.

புரொப்பல்லரில் பொறித்திருக்கும் எண்கள்

நடுக்குடமான ஹப்பின் மீதோ இறக்கையின் அடியிலோ ‘9 1/4 × 9’ என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம், அதாவது இறக்கை நுனிகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது எண் பிட்ச். இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 9 என்றால், மரத்துக்குள் திருகாணி இறங்குவது போலத் தண்ணீருக்குள் துளியும் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் முன்னேறும் என்று பொருள். யமஹா போன்ற சில நிறுவனங்கள் எண்களுக்குப் பின்னால் ஓர் எழுத்தையும் பொறிக்கும். அது எந்த வகைக் கியர் பெட்டிக்குப் பொருந்தும் என்பதற்கான குறி. விட்டமும் பிட்சும் ஒத்துப்போய் எழுத்து மாறியிருந்தால் அந்தப் புரொப்பல்லர் உங்கள் ஷாஃப்டில் (அதைச் சுற்றும் தண்டில்) உட்காராது.

சைக்கிளில் கியர் மாற்றுவதை நினைத்துக்கொண்டால் பிட்ச் எளிதில் விளங்கும். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கடின கியரில் மிதித்தால் கால் ஓயும், வண்டி நகராது. அதிகப் பிட்ச் அந்தக் கடின கியர். பாரம் ஏற்றிய ஃபைபர் படகுக்கு அது ஏற்றதல்ல.

பெரிய விட்டமுள்ள புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றவிட்டால் அதே எரிபொருளுக்குக் கூடுதல் தள்ளுவிசை கிடைக்கும். பாரப் படகுகளுக்கென்று ‘ஹை த்ரஸ்ட்’ மோட்டார்கள் வருவது இதனால்தான். யமஹாவின் சாதாரண 9.9 மோட்டாரில் கியர் விகிதம் (புரொப்பல்லர் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது) 2.08, அதன் ஹை த்ரஸ்ட் வகையில் 2.92. புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும், அளவில் பெரியதாக இருக்கும். மோட்டாரே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள். ஏற்கெனவே சாதாரண மோட்டார் இருந்தால் விட்டத்தை அதிகம் கூட்ட வழியில்லை. மேலே இருக்கும் தட்டில் இறக்கை இடிக்கும். ஆகவே நம் கையில் இருப்பது பிட்ச் மட்டுமே.

முதல் வேலை: ஆர்பிஎம் பார்ப்பது

சிறு மோட்டார்களில் ஆர்பிஎம் மீட்டர் இருக்காது. ஸ்பார்க் பிளக் வயரில் மெல்லிய கம்பியைச் சுற்றி அளக்கும் சிறிய டிஜிட்டல் டேக்கோமீட்டர் போதும். அதில் ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்பார்க் என்று செட் செய்ய வேண்டியிருக்கும். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு ஒன்று. சிறு ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக் பொறி விடும் என்பதால் அங்கேயும் ஒன்றுதான். முழு வேகத்தில் 2,500 என்றோ 10,000 என்றோ காட்டினால் மோட்டாரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்.

மோட்டாரோடு வந்த கையேட்டில் ‘முழு த்ராட்டிலில் இயங்க வேண்டிய ஆர்பிஎம்’ (அதாவது வேகக் கைப்பிடியை முழுக்கத் திருகியபோது) என்று ஓர் எல்லை கொடுத்திருப்பார்கள். பல டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் அது 4,500 முதல் 5,500 வரை. பல ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களில் 5,000 முதல் 6,000 வரை. உங்கள் மாடலுக்கான எண்ணைக் கையேட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு படகில் வழக்கமான சுமையை ஏற்றுங்கள். நான்கு ஆள், நனைந்த வலை, ஐஸ், எரிபொருள் கேன் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் படகில் எடுத்த எண் எதற்கும் உதவாது. காற்று ஏறுவதற்கு முன்னால், விடியற்காலையில், அலை உடையும் இடத்தைத் தாண்டி, 10 மீட்டர் ஆழமாவது இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஆழம் குறைந்த இடத்தில் படகின் இழுவை கூடும், எண் தவறாக வரும். லைஃப் ஜாக்கெட்டும் மோட்டாரை நிறுத்தும் கயிறும் உடம்பில் இருக்கட்டும். மீட்டரை ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஓட்ட வேண்டும்.

கைப்பிடியை முழுக்கத் திருகி, ஆர்பிஎம் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் ஓட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸில் வேகத்தையும் நாட் (மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது கடல் மைல்) கணக்கில் எழுதுங்கள். உடனே திரும்பி எதிர்த்திசையிலும் அதேபோல ஓட்டி, இரண்டு வேகங்களின் சராசரியை எடுக்க வேண்டும். சென்னைக் கரையில் நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் இழுக்கும். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் நீரோட்டத்தின் வேகமும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் எல்லைக்குக் கீழேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். மோட்டார் திணறுகிறது, ஊற்றும் எரிபொருள் முழுதாக எரியாமல் புகையாகவும் கரியாகவும் போகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் என்றால் பிளக் சீக்கிரம் கறுத்துப்போகும், பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டிக்கொள்ளும். ஃபைபர் படகுகளில் அடிக்கடி காணும் குறை இதுதான். மாறாக, கைப்பிடியை முழுக்கத் திருகுவதற்கு முன்பே ஆர்பிஎம் மேல் எல்லையைத் தாண்டினால் பிட்ச் குறைவு. அப்படியே ஓட்டினால் மோட்டார் சீக்கிரம் தேயும்.

எத்தனை அங்குலம் மாற்றுவது

பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஆர்பிஎம் சுமார் 150 முதல் 200 வரை ஏறும் என்பது பொது விதி. இது பெரிய பிட்ச் உள்ள பெரிய மோட்டார்களை வைத்து வந்த கணக்கு. 8 அங்குலப் பிட்ச்சில் ஓர் அங்குலம் என்பது எட்டில் ஒரு பங்கு என்பதால், சிறு மோட்டார்களில் ஏற்றம் இதைவிடக் கூடவும் வரும். எனவே ஒரே தாவலில் மூன்று அங்குலம் குறைக்காதீர்கள். ஒன்று அல்லது இரண்டு குறைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் கடைக்காரரிடம் பேசி, அடிபடாமல் திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்து வாங்குங்கள். உங்கள் மோட்டாரையே வைத்திருக்கும் நண்பரிடம் வேறு பிட்ச் இருந்தால் ஒரு காலைக்கு இரவல் வாங்கிச் சோதிப்பது இன்னும் நல்லது.

வழக்கமான முழுச் சுமையில் எல்லையின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். வலையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது மேல் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டும் அமைந்துவிட்டால் அதுதான் உங்கள் பிட்ச். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் 40, 60 குதிரைத்திறனில் தண்ணீர் மீது எழும்பி ஓடும் உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். அவர்கள் எல்லையின் மேல் பாதியைக் குறிவைக்கலாம்.

ஸ்லிப் கணக்கு

தண்ணீர் மரமல்ல, ஆகவே புரொப்பல்லர் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். அந்த அளவுக்கு ஸ்லிப் என்று பெயர். முதலில், வழுக்காவிட்டால் வந்திருக்க வேண்டிய வேகம்: ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, வந்ததைக் கியர் விகிதத்தால் வகுத்து, மீண்டும் 1,215ஆல் வகுத்தால் நாட் கணக்கில் கிடைக்கும். அதிலிருந்து ஜிபிஎஸ் காட்டிய வேகம் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதே ஸ்லிப்.

கணக்கு விளங்க ஒரு மாதிரிப் படகை வைத்துக்கொள்வோம். கியர் விகிதம் 2.08, பிட்ச் 9, முழு த்ராட்டிலில் 4,100 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ஸில் 7.4 நாட். 4,100 × 9 = 36,900. அதை 2.08ஆலும் 1,215ஆலும் வகுத்தால் 14.6 நாட். கிடைத்ததோ 7.4. ஸ்லிப் 49 சதவீதம். அதே படகில் பிட்ச் 7 போட்டு 4,900 ஆர்பிஎம், 8.0 நாட் வந்தால், இருக்க வேண்டியது 13.6 நாட், ஸ்லிப் 41 சதவீதம்.

பாரப் படகில் 30 முதல் 45 சதவீதம் வரை ஸ்லிப் இருப்பது இயல்பு. எழும்பி ஓடும் லேசான படகில் 10 முதல் 20 வரை. பாரப் படகில் 50ஐத் தாண்டினால் பிட்ச் அதிகமாக இருக்கலாம், இறக்கை அடிபட்டிருக்கலாம், அல்லது மோட்டார் உயரம் தவறாக இருக்கலாம். ஸ்லிப் பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் அது நடக்க முடியாத காரியம். ஏதோ ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

எரிபொருளை அளப்பது

ஆர்பிஎம் சரியாகிவிட்டாலே எரிபொருள் மிச்சமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். அளந்து பார்க்க வேண்டும். ஒரு சிறிய டேங்கில் கழுத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை கரையில் நிரப்புங்கள். கடலில் ஒரே ஆர்பிஎம்மில் 15 நிமிடம் ஒரு திசையிலும் 15 நிமிடம் எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். சோதனை தொடங்கும் இடத்தில்தான் இந்த டேங்குக்கு மாற வேண்டும். முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கரைக்கு வந்து, சமதளத்தில் வைத்து, லிட்டர் அளவையாலும் 100 மில்லி அளவையாலும் அதே கோடு வரை நிரப்பினால் குடித்தது எவ்வளவு என்று தெரியும். திறந்த பாட்டிலில் பெட்ரோலை வைத்துக் குழாய் செருகி அளக்கும் வேலை படகில் வேண்டாம், தீப்பிடிக்கும்.

குடித்த லிட்டரைப் போன நாட்டிக்கல் மைலால் வகுங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட, மைலுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் பணத்தைச் சொல்லும் எண்.

அதே மாதிரிப் படகைத் தொடர்ந்து பார்ப்போம். பழைய புரொப்பல்லரில் முழு த்ராட்டிலில் மணிக்கு 4.6 லிட்டர், 7.4 நாட் என்றால் மைலுக்கு 0.62 லிட்டர். புதியதில் முழு த்ராட்டிலில் மணிக்கு 4.9 லிட்டர், 8.0 நாட், மைலுக்கு 0.61. மிச்சம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். இப்போது இரண்டையும் 6.8 நாட்டில் ஓட்டுவோம். பழையதில் மணிக்கு 3.4 லிட்டர், மைலுக்கு 0.50. புதியதில் மணிக்கு 3.1 லிட்டர், மைலுக்கு 0.46. போக வர 40 மைல் என்றால், பழையதை முழு த்ராட்டிலில் ஓட்டும்போது சுமார் 25 லிட்டர். பழையதையே நிதானமாக ஓட்டினால் 20. புதியதை நிதானமாக ஓட்டினால் 18 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

புரொப்பல்லர் மாற்றியதால் வந்தது 2 லிட்டர், கைப்பிடியைத் தளர்த்தியதால் வந்தது 5 லிட்டர். புரொப்பல்லர் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். எழும்பி ஓடாத படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அது நாட்டில் வரும். 25 அடி என்றால் வர்க்கமூலம் 5, வரம்பு 6.7 நாட். அதைத் தாண்டியதும் படகு தன் அலையிலேயே மேடேறத் தொடங்கும். அங்கிருந்து ஒவ்வொரு அரை நாட்டுக்கும் கொடுக்கும் எரிபொருள் தாறுமாறாகக் கூடும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவை ஆராய்ந்தபோதும் வேகத்தைக் குறைப்பதைத்தான் முதன்மையாகச் சொன்னது. மீன் கெடாமல் ஏலத்துக்கு வந்து சேர வேண்டிய அவசரம் இருப்பது உண்மைதான். போகும்போதாவது அந்த அவசரம் இல்லையே.

கடையில் சரிபார்ப்பது

காசிமேடு, ராயபுரம் பக்கக் கடைகளுக்குப் போகும்போது பழைய புரொப்பல்லரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். உள்துளையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எண்ணிப் பார்த்து, பழையதற்கு அருகில் வைத்து ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

அலுமினியம் போதுமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஸ்டீல் இறக்கை மெல்லியது, வளையாது, வேகப் படகில் பலன் தரும். ஆனால் தினமும் மணலில் ஏறி இறங்கும் படகில் இறக்கை தரையில் இடிக்காமல் இருக்காது. அலுமினியம் வளைந்தோ உடைந்தோ அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் அந்த அடியைக் கியருக்குக் கடத்தும். 7, 8 நாட்டில் போகும் கரைப் படகுக்கு அலுமினியமே சரி. நான்கு இறக்கை வைத்தால் அதிர்வு குறையும், பாரத்தில் பிடிப்பும் கூடும். ஆனால் அதே பிட்ச்சில் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும் என்பதால் பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்க வேண்டியிருக்கும்.

பொறித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மலிவான நகல் வார்ப்புகளில் மூன்று இறக்கையும் மூன்று பிட்ச்சில் இருக்கக்கூடும். வெல்டிங் செய்து நிமிர்த்திய பழைய புரொப்பல்லரிலும் இதே சிக்கல்தான். மேசை, தாள், மூலைமட்டம், கோணமானி இருந்தால் அளந்துவிடலாம். 9 1/4 அங்குல விட்டத்துக்கு, ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு 82 மில்லிமீட்டர். தாளில் அந்த ஆரத்தில் வட்டம் வரைந்து, அதன் நடுவில் புரொப்பல்லரைப் படுக்க வையுங்கள். ஓர் இறக்கையின் முன் விளிம்பு அந்த வட்டத்துக்கு நேர் மேலே வரும் இடத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, மேசையிலிருந்து உயரத்தை அளந்து, தாளில் புள்ளி வையுங்கள். பின் விளிம்பிலும் அப்படியே. மையத்திலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் கோடு இழுத்து, இடையிலுள்ள கோணத்தை அளக்க வேண்டும். உயர வித்தியாசத்தை 360ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால் பிட்ச். உயர வித்தியாசம் 45 மில்லிமீட்டர், கோணம் 80 டிகிரி என்றால் 202 மில்லிமீட்டர், அதாவது 8 அங்குலம். மூன்று இறக்கைக்கும் செய்து பாருங்கள். ஒன்றுக்கொன்று அரை அங்குலம் மாறினால் வாங்க வேண்டாம். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை, பத்து நிமிட வேலை.

மாட்டும் முறை

பிளக் வயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்ட பிறகே புரொப்பல்லரைத் தொடுங்கள். தெரியாமல் சுற்றினால் மோட்டார் கிளம்பி விரல் போகும். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை எடுத்து, மேலிருக்கும் தட்டுக்கும் இறக்கைக்கும் இடையே மரக்கட்டை ஒன்றைச் செருகிச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். உள்ளே கியர் பெட்டியை ஒட்டி த்ரஸ்ட் வாஷர் ஒன்று இருக்கும். அது ஷாஃப்டிலேயே ஒட்டியிருக்கலாம், பழைய புரொப்பல்லரோடும் வந்துவிடலாம். அது இல்லாமல் மாட்டினால் புரொப்பல்லர் கியர் பெட்டியை உரசித் தின்றுவிடும். எந்தப் பக்கம் எங்கே பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டைத் துடைத்து, உப்புநீருக்கான கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை சுத்தியலால் அடித்தாலும் வராது. நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக, துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்கட்டும்.

மோட்டாரின் உயரத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். புரொப்பல்லருக்கு மேலிருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதற்கு 25 மில்லிமீட்டர் வரை கீழாகவோ இருக்க வேண்டும். அதைவிட மேலே இருந்தால் அலையில் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பல்லர் காற்றை இழுக்கும். மோட்டார் அலறும், படகு நகராது. அதிகம் கீழே இருந்தால் மோட்டாரின் கால் முழுவதும் தண்ணீரில் இழுபடும். சாய்வு பின்னை மாற்றி, ஓடும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். பின்பக்கம் ஐஸ் பெட்டியை வைத்து அணியம் (படகின் முன்பக்கம்) வானத்தைப் பார்த்தால் எந்தப் பிட்ச்சும் உதவாது, சுமையை முன்னே நகர்த்துங்கள்.

பிறகு கெடுவது எப்படி

இறக்கை விளிம்பில் சிறு பள்ளம் விழுந்தால் அரத்தால் வழித்து, மூன்று இறக்கையும் ஒரே வடிவில் இருக்கும்படி மழுக்குங்கள். நாணய அளவுக்குத் துண்டு போயிருந்தால் வெல்டிங் செய்து மேலே சொன்னபடி பிட்ச் அளக்க வேண்டும். ஆர்பிஎம் ஏறுகிறது, படகு மட்டும் வேகம் எடுக்கவில்லை, இறக்கையிலும் பழுதில்லை என்றால் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. ஹப்பிலிருந்து ஷாஃப்ட் வரை ஒரே நேர்க்கோடு பெயின்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

காசிமேடு துறைமுகத்திலோ எண்ணூர் முகத்துவாரத்திலோ தண்ணீரிலேயே கட்டிப்போடும் படகுகளின் அடியில் சிப்பி ஒட்டும். நல்ல பிட்ச் போட்டும் சில வாரங்களில் ஆர்பிஎம் இறங்கினால் புரொப்பல்லரைக் குறை சொல்லும் முன் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். தினமும் மணலில் ஏற்றும் படகுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மழைக்காலத்தில் கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு வெளியே பிளாஸ்டிக் பைகள் மிதந்து வரும். திடீரென்று அதிர்வும் வேகக் குறைவும் வந்தால் மோட்டாரை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். அதைவிட ஆபத்து நைலான் நரம்பு வலைத் துண்டு. அது புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு எண்ணெய் சீலை அறுக்கும். மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி நரம்பை வெட்டி எடுத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கியர் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

மாற்றிய பழைய புரொப்பல்லரைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு நட்டு, நான்கு காட்டர் பின், ஒரு த்ரஸ்ட் வாஷர், சரியான அளவு ஸ்பேனர், ஒரு மரக்கட்டை ஆகியவற்றோடு ஒரு பையில் போட்டுப் படகிலேயே வையுங்கள். கோவளத்துக்கு அப்பால் இறக்கை உடைந்தால் வேகம் குறைந்தாலும் அதை மாட்டிக் கரைக்கு வந்துவிடலாம்.